முதல்வரி

"இதைக் கொஞ்சம் படிங்க சார், எழுத்து தெளிவா இருக்கா?" என்று அட்டையை நீட்டிவிட்டு அவள் வாடிக்கையாளரின் கண்ணைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறாள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்க வந்தவர் வாசிக்கிறார்: "எங்கள் வீட்டு அழைப்புமணி கெட்டுப்போன வாரத்தில்தான் எல்லாரும் எங்களைத் தேடி வந்தார்கள்." அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

வரி தேறிவிட்டது. மறுநாள் அவளுடைய வலைப்பதிவு அந்த வரியில்தான் தொடங்கும்.

கண்ணைச் சோதிக்கக் கம்பெனி கொடுத்த அட்டை இழுப்பறையில் தூங்குகிறது. "அதைப் படிச்சா கண்ணு தெரியுதான்னுதான் தெரியும்" என்பாள். அவளுடைய அட்டையை யாராவது பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் "செத்துப்போச்சு" என்று முணுமுணுத்துக் கிழித்துப் போடுவாள். அதே கடையின் பின்மேசையில் ஃபிரேமுக்குத் திருகாணி முடுக்குகிறவன் நான். இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு அவளுக்கு முதல்வரி என்று பெயர் வைத்தவனும் நான்தான். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வலைப்பதிவுக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டாள்.

எழுதுவதெல்லாம் வீட்டுச் சமாச்சாரம். வருகிறேன் என்று வராத பிளம்பர், கணவரின் குறட்டை, மாமியார் பூட்டிவைக்கும் ரிமோட். "படிக்கிறவங்க பஸ்ல தொங்கிக்கிட்டு ஒரு கையால படிக்கிறாங்கண்ணா. நீட்டி முழக்கினா இறங்கிப் போயிடுவாங்க." அவளுக்கு வாசகர் என்றால் எப்போதும் இறங்கிப் போகப் பார்க்கிறவர்.

அதிகம் பேர் படித்தது அவளுடைய அக்காவைப் பற்றிய பதிவு. அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாகப் போன நாளில் இவள் அந்த வீட்டில் இருந்தாள். பதிவில் அக்காவின் பெயரைக் கவனமாக மாற்றினாள். ஆனால் வரிக்கு வரி 'என் அக்கா' என்றுதான் எழுதினாள். அவளுக்கு இருப்பதோ ஒரே அக்கா. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் படித்துவிட்டு அக்காவிடம் துக்கம் விசாரித்தார்கள்.

"பேரை மாத்தினேன், உறவை மாத்த மறந்துட்டேன்" என்றாள் என்னிடம், கையிலிருந்த டீ ஆறிப்போக.

அன்றோடு அக்கா இவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பதிவை எடுத்துவிடேன் என்றேன். "நாலு பேரு என்னைப் படிக்கிறதே அதாலதாண்ணா." அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தேன். அக்காவின் அழைப்புக்காக அவள் போனைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைக் கண்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் அக்காவே வந்தாள். வெள்ளெழுத்து யாரையும் விடுவதில்லை. ஆனால் ஊரில் வேறு கண்ணாடிக்கடை இல்லாமலா இங்கே வந்திருப்பாள்? முதல்வரி "வாக்கா" என்றாள். சோதனை ஃபிரேமில் லென்ஸைப் போட்டு அக்காவுக்கு மாட்டிவிட்டு, கம்பெனி அட்டையைத் தேடி எடுத்தாள்.

"அது வேணாம். நீ எழுதினியே, அதைக் குடு. ஊரே படிச்சிருச்சு, நான்தான் இன்னும் படிக்கலை."

போனை நீட்டினாள். அக்கா நிதானமாகப் படித்தாள். முதல்வரி அன்று கையையும் பார்க்கவில்லை, கண்ணையும் பார்க்கவில்லை. சுத்தமாக இருந்த ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் திருகாணி பிடிபடவில்லை.

ஊரெல்லாம் பகிர்ந்த அந்த வரியை அக்கா வாய்விட்டு வாசித்தாள். "அழுகைச் சத்தம் பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்கக் கூடாது என்று என் அக்கா குழாயைத் திறந்துவிட்டாள்."

பிறகு ஃபிரேமைக் கழற்றினாள்.

"நான் அழலையே. பாத்திரம் தேய்ச்சேன்."

"குழாய்ச் சத்தம் கேட்டுதுக்கா. அழறேன்னு நெனச்சேன்."

"நெனச்சேல்ல?" அக்காவின் குரலில் கோபமே இல்லை. "அப்பிடி நெனச்சவ, ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்ல?"

கண்ணாடி மேசைமேல் கிடந்த போனில் யாரோ ஒரு வாசகர் ஏதோ எழுத, அது ஒருமுறை மினுங்கியது. முதல்வரி அதைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியை வைத்துவிட்டு, மேசையோரத்துத் தடுப்புப் பலகையைத் தூக்கி, அந்தப் பக்கம் போய் அக்காவின் அருகில் நின்றாள்.