வலிக்காத பந்து

தோள்பட்டை இறுகிப்போய் வேலூரில் பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கல்லூரி பேஸ்பால் அணியில் பந்து வீசுகிறவள். முழங்கையில் ஆபரேஷன் ஆகி ஏழு மாதம் ஆகியிருந்தது. நெடுநெடுவென்ற உயரம். யாராவது பக்கத்தில் வந்தால் போதும், வலது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்வாள்.

அன்றைக்கு அவள் முதல் தடவையாக மறுபடி பந்து வீச வேண்டும். முகம் வெளுத்திருந்தது.

"பயமா இருக்காம்மா?" என்றேன்.

"டீம்ல புதுசா ரெண்டு பொண்ணுங்க வந்துட்டாங்கக்கா. என்னவிட வேகமா போடறாங்களாம். கையில தச்சது திரும்பப் பிரிஞ்சிட்டா இன்னா பண்றது?"

பிசியோதெரபிஸ்ட் பந்தைக் கொடுத்தார். எதிர்ச்சுவரைப் பார்த்து மெதுவாக வீசினாள். பந்து சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் பதறிப்போய் ஓடினேன்.

"வலிக்குதா?"

"வலிக்கலக்கா. இனிமே கோச் கூப்ட்டா, கை சரியில்லன்னு சொல்ல முடியாதே."

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னொண்ணு போடட்டா சார்?" என்றாள். அவ்வளவு பயத்தோடு எப்படிக் கேட்டாளோ, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.