நாகலிங்கம் பதிந்த ஒரு அடி

கொக்குவிலில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் இருதயத் துடிப்பைத் தாளில் பதியும் வேலையை நாகலிங்கம் பதினேழு ஆண்டுகள் செய்தார். 1990இல் போரின்போது அரசின் பொருளாதாரத் தடை வந்தபின் அந்தத் தாள் கிடைப்பது அரிதாயிற்று. அன்றுமுதல் அவர் பன்னிரண்டு கோணங்களிலும் பதிவதை நிறுத்தி, ஒரு கோணத்தில் ஒரு அடி மட்டும் பதிந்தார். நாளடைவில் அது கைப்பழக்கமாயிற்று.

1994 பெப்ரவரி 8, செவ்வாய், காலை 9.20. அரியாலை மீனவர் சிமியோன் தன் மகள் ஸ்ரெல்லாவைச் சைக்கிளில் கொண்டுவந்தார். வயது இருபத்துநான்கு. நிமிடத்துக்கு 190 துடிப்பு. கருவியில் பதினொரு அடித் தாள் இருந்தது. நாகலிங்கம் ஒரு அடி பதிந்து நிறுத்தினார். 9.26க்குத் துடிப்பு தானாக அடங்கியது.

மருத்துவர் தேவராசா அந்த ஒரு அடித் தாளைக் கொழும்பு நிபுணருக்கு அனுப்பினார். முப்பத்தாறாம் நாள் பதில் வந்தது. துடிப்பு இருதயத்தின் மேலறையில் கிளம்பினால் மாத்திரை போதும். கீழறையிலென்றால் உயிர் ஆபத்து, உடனே கொழும்புக்கு வரவேண்டும். உடம்பைக் கீறாமல் அந்த இடத்தைக் கணிக்க, துடிப்பு ஓடும்போதே பதிந்த பன்னிரண்டு கோணங்களும் தேவை; ஒன்று போதாது.

போரால் தரைவழி மூடியிருந்தது; கொழும்புக்குப் போகக் கிளாலியில் படகேறி நீரேரியைக் கடக்க வேண்டும். அங்கே கடற்படையின் சூடுபட்டு இறந்தவர்கள் பலர்.

நாகலிங்கம் தாமே அரியாலைக்குப் போய்ச் சொன்னார்.

"அண்டைக்குப் பன்னிரண்டும் பதிய எத்தினை அடி வேணும் ஐயா?" என்று ஸ்ரெல்லா கேட்டாள்.

"மூண்டு."

"கிடந்தது?"

"பதினொண்டு."

சிமியோன் இடையில் புகுந்தார். "மீன் எங்கை நிக்குதெண்டு வள்ளத்திலை இருந்தே நான் சொல்லுவன். உங்களுக்கு நெஞ்சிலை கம்பி வைச்சும் தெரியேல்லை."

மார்ச் 17 முதல் பத்தொன்பது நாள் ஸ்ரெல்லா கம்பிகள் பொருத்தியபடி மருத்துவமனையில் படுத்திருந்தாள். முன்பு அஞ்சிய துடிப்பை இப்போது வரச்சொல்லி மாதாவை மன்றாடினாள். வரவில்லை. இருபதாம் நாள் வீட்டில் வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோன சைக்கிள் நல்லூரைத் தாண்டுமுன் துடிப்பு அடங்கிவிட்டது.

"இனிப் பொறுக்கேலாது" என்று சிமியோன் கொழும்புக்குப் போக அனுமதிக்கும் பாஸ் எடுத்தார்.

ஏப்ரல் 21, வியாழன். நாகலிங்கம் எஞ்சிய நாலரை அடித் தாளோடு கருவியைச் சைக்கிளில் கட்டி, வழியில் துடிப்பு வந்தால் பதியவென அவர்களோடு கிளாலிவரை மிதித்தார். பின்னேரம் 5.50க்குப் படகு வரிசையில் துடிப்பு வந்து ஸ்ரெல்லா மணலில் சாய்ந்தாள். பெண்கள் சேலை பிடித்து மறைத்தார்கள். நாகலிங்கம் பன்னிரண்டு கோணங்களும் பதிந்தார்.

"மேலையோ, கீழையோ?" சிமியோன் குனிந்து கேட்டார்.

"எனக்குப் பதியத்தான் தெரியும். டொக்டர்தான் பாத்துச் சொல்லோணும்."

"டொக்டர் கொக்குவிலிலை. பாஸ் இண்டைக்கு மட்டும்."

"ஏறுறவை ஏறுங்கோ" என்றான் படகோட்டி.

"நாளைக்கு வேறை பாஸ் கேப்பம். ஒரு நாள்தானே" என்று நாகலிங்கம் கெஞ்சினார்.

"உங்கடை ஒரு அடியாலை ரெண்டரை மாசம் வீணாப் போச்சுது."

துடிப்பு அடங்கவில்லை. ஸ்ரெல்லா கையை நீட்டினாள். "தாளைத் தாங்கோ ஐயா. அங்கை வாசிக்கட்டும்."

பொலித்தீனில் சுற்றிக் கொடுத்தார். போவதா வேண்டாமா என்று சொல்லவேண்டிய தாள் அவளோடே படகேறியது.

கூட ஏறிய சிமியோன், போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுவதாகச் சொன்னார். 1995 ஒக்டோபர் 30இல் கொக்குவிலை விட்டு இடம்பெயரும்வரை நாகலிங்கத்துக்கு ஒரு கடிதமும் வரவில்லை.