பின்சக்கரத்தைப் பிடித்தவர்

மணலி சாலையில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். அன்று விட்டுவந்தது, நான் பாதியில் விட்ட ஒன்பதாவது வேலை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். யாராவது ஒரு சொல் சொன்னால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நடந்துவிடுவேன். அன்று திருவொற்றியூர் மெக்கானிக் ஷெட்டில் முதலாளி பாஷா பாய், "இன்னா நைனா, ஒரு வீல் மாட்டறதுக்கு நாள் பூரா குந்திகினு கீறியே. தூங்கணும்னா வூட்டுக்குப் போ" என்றார். போய்விட்டேன்.

மாலை நான்கு மணி இருக்கும். ஆலைப் புகையும் கடல் ஈரமும் சேர்ந்து வெயிலை மஞ்சளாக்கியிருந்தன. நான் முன்சக்கரம் மாட்டிய அந்தப் பெரிய பைக் என்னைக் கடந்து போனது. நெல்லூர் வழியாக நெடுந்தூரம் போகும் கணவனும் மனைவியும். ஓட்டிவந்த கணவர் கையசைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சிறிது தூரம் நடந்ததும் என் வலக்கை விரல்கள் இரண்டு, போல்ட்டைத் திருகுவதுபோல் தாமாகவே திருகிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பிடியில் ஒன்றும் இல்லை. நிறுத்தினேன். பார்வையை எடுத்ததும் மறுபடி திருகின. அப்போதுதான் நினைவு வந்தது. முன்பிரேக்கில் சக்கரத்தட்டைக் கவ்விப் பிடிக்கும் இடது கேலிப்பரை இரண்டு போல்ட்டுகள் தாங்குகின்றன. இரண்டையும் விரலால் மட்டும் திருகிவிட்டு ஸ்பேனரை எடுக்கும்போதுதான் பாய் பேசினார். போல்ட் துளையில் இருப்பதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று வண்டியைக் கொடுத்திருப்பார்.

கேலிப்பர் கழன்று சக்கரத்தில் சிக்கினால் இருவரும் லாரிகளுக்கு அடியில் போவார்கள். என்னிடம் போன் இல்லை. லாரி ஏதாவது வந்தால் ஏறித் துரத்தலாம் என்று திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர்கள் ஓயாத அந்தச் சாலையில் ஒன்றுகூட இல்லை. ஒரு சத்தமும் இல்லை. ஓடினேன். எனக்கு ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, நான் விட்டதை நீர் பிடியும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

சடையங்குப்பம் திருப்பத்தைத் தாண்டி, நடுச்சாலையில் பைக் நின்றிருந்தது. கருகிய நாற்றம். இருவரும் ஓரத்தில் நின்றிருந்தார்கள்.

"பின்னாடி யாரோ புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு தம்பி. நான் பிரேக்கையே தொடல" என்றார் அவர்.

"நான்தான் ஆட்டறேன்னு என்னைத் திட்டினாரு" என்றார் அந்த அம்மா. சிரித்தார்.

குனிந்து பார்த்தேன். ஒரு போல்ட் இல்லை. மற்றது இரண்டு மரையில் தொங்கியது. உண்மையைச் சொன்னேன். அவர் என் பக்கத்தில் குனிந்து விரலால் காட்டினார்.

"இதுல ரெண்டு பிரேக்கும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது. கையால முன்பிரேக் புடிச்சா, சுத்தற சக்கரம் இந்த கேலிப்பரை லேசா முன்னாடி தள்ளும். அது இந்தச் சின்ன சிலிண்டரை அமுக்கும். இதிலேருந்து ஆயில் போய் பின்சக்கரத்தையும் புடிக்கும். கால் பிரேக்கை மிதிச்சாலும் முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் போகும். நீ விட்ட கேலிப்பர் சரிஞ்சு அந்தச் சிலிண்டரை அமுக்கிக்கிட்டே இருந்திருக்கு. அதான்."

"வேற வண்டியா இருந்தா?" என்றார் அந்த அம்மா. அவர் எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

மூவரும் தள்ளினோம். பின்சக்கரம் சுற்றவில்லை. தேய்த்து இழுத்துத்தான் ஓரம் சேர்த்தோம். சேர்த்த உடனே லாரிகள் வந்தன. வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக. எனக்கு ஒன்றுகூட வரவில்லையே என்று நான் குறைப்பட்ட லாரிகள், அவர்கள் நடுச்சாலையில் நின்றவரை வரவே இல்லை.

சிலிண்டர் எப்படிப் பிடித்தது என்று எனக்குப் புரிகிறது. சாலையைப் பிடித்து வைத்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கே நன்றி.

பைக்காரர் போன் செய்ததும் பாய் புதுப் போல்ட்டுகளோடு ஆட்டோவில் வந்தார். "மன்னிச்சிடு பாய்" என்றேன். "மன்னிப்ப வண்டிக்காரருகிட்ட கேளு. எங்கிட்ட வேலைக்கி மட்டும் வராத மாமு" என்றார். பாய் பக்கம் நியாயம் இருந்தது.

அன்புள்ளவர்களே, நல்லவனாகிவிட்டு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். தப்பு செய்த கையோடே கேளுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.

மறுநாள் காலை மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சேர்ந்தேன். டிரெய்லர் சக்கரங்களின் நட்டு முறுக்கும் வேலை. முதல் சக்கரத்திலேயே மேஸ்திரி என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினார். அதன் கடைசி நட்டான பத்தாவதையும் முறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.