செத்த சார்ஜருக்கு வந்த கிராக்கி

சார்ஜர் விற்கிறவளுக்கு வாய் ஓய்ந்தாலும் விளக்கம் ஓயாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போனபின் புலாவ் செபாங்கில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் சேர்ந்தேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. காலையில் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவேன். சாமி பொறுமையைக் கொடுப்பார். வாடிக்கையாளர்கள் மதியத்துக்குள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மகன் முகம்

லெட்சுமி அக்கா ரெம்பியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். ஒரே மகன் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஃபோனில் முகம் காட்டிப் பேசுவானாம். முதல் தடவை வந்தபோது அவர் சார்ஜர் நிஜமாகவே கருகியிருந்தது. ஃபோனும் பழசு, தோட்டத்து லயத்து வீடுகளில் வேறு யாருடைய சார்ஜரும் அதற்குப் பொருந்தாது. நல்லதாக ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஃபோனு செத்துட்டா அவன் முகத்த நான் எதுலம்மா பாக்குறது?"

சாமிக்குக் கூடுதல் கரண்ட்

ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர். அவர் வீட்டுச் சாமி மேடையில் நாள் முழுக்க மந்திரம் பாடும் சின்னப் பெட்டி உண்டு. அதன் ஐந்து வோல்ட் அடாப்டர் கெட்டதும், வைஃபை பெட்டியின் பன்னிரண்டு வோல்ட் அடாப்டரைப் பிடுங்கிச் சொருகிவிட்டார். முனை அச்சாகப் பொருந்தியதாம்.

முனை பொருந்தினால் போதாது அங்கிள், வோல்ட் ஒன்றாக இருக்கணும். ஆம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை, சாமான் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும் என்று அடாப்டர் முதுகிலிருந்த பொடி எழுத்தைக் காட்டினேன். கருகிய பெட்டியை என் முன்னால் வைத்து, நான்தான் கொளுத்தியதுபோல முறைத்தார்.

"பன்னெண்டு போட்டா சாமி நல்லா சத்தமா பாடும்னு நெனச்சேன் லா!"

கூடை

முதலாளிக்கு என் பெரியவன் வயது. அவர் கடைக்கு வரவழைக்கும் மலிவு சார்ஜரைக் கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்கும். சொருகிய கொஞ்ச நேரத்தில் கொதிக்கும். அப்படி ஒன்றால் தலையணை கருகிப்போன ஒரு பெண் அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நான் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு, அதைக் குப்பையில் போடப் போனேன். முதலாளி வாங்கிக் கரியைத் துடைத்து, மற்ற செத்த சார்ஜர்கள் கிடக்கும் கூடையில் போட்டார்.

"எதையும் வீசாதீங்கக்கா. எல்லாத்துக்கும் ஒரு ஆளு வரும்."

மறுபடியும் லெட்சுமி அக்கா

போன வாரம் வந்தார். நான் கொடுத்த சார்ஜர் வேலை செய்யவில்லை என்றார். சொருகினேன், ஃபோனில் சார்ஜ் ஏறியது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக ஐந்து வோல்ட். "நல்லாத்தானேக்கா இருக்கு?"

"தெரியும்மா" என்றார்.

மகன் பேசி மாதக்கணக்காகிவிட்டது. தீபாவளிக்கும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகன் பேசினானா என்று லயத்தில் விசாரிக்கிறார்கள்; இவரும் சார்ஜர் கெட்டுப்போச்சு என்றே சொல்லிவந்திருக்கிறார். இப்போது பக்கத்து வீட்டுக்காரி, கொண்டா நான் சொருகிப் பார்க்கிறேன் என்று நிற்கிறாளாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெட்டுப்போனது ஒண்ணு இருந்தா குடும்மா. அவ சொருகிப் பாக்கறப்ப ஏறக் கூடாது, அவ்ளோதான்."

கூடைக்குள் கைவிட்டு உயிரே இல்லாத ஒன்றாகப் பார்த்துத் தேடியபோதுதான், இந்தக் கடையில் வியாபாரம் தெரிந்தவர் முதலாளி ஒருவர்தான் என்று ஒப்புக்கொண்டேன்.