யாரைக் கேட்டு எடுத்தான்?

செல்லிப்பட்டுத் தையலம்மாள் பயந்த சுபாவக்காரி இல்லை. கரும்பு வெட்டுகையில் தோகைக்குள்ளிருந்து பாம்பு சீறியதைப் பார்த்திருக்கிறாள். சங்கராபரணி வெள்ளம் தெருவுக்குள் இடுப்பளவு நின்றபோது ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் சோறு வடிக்கிறாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், வாய்விட்டு அலறியது ஒரே ஒரு தடவைதான். அதை ஒருவன் படம் பிடித்துவிட்டான்.

மகள் பிரியதர்ஷினி ஹைதராபாத்தில் நர்ஸ். பிரசவ நாள் நெருங்கியதும் அம்மாவுக்குப் புதுச்சேரியிலிருந்தே விமான டிக்கெட் போட்டுவிட்டாள். ஐப்பசி மழைக்காலம். விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சன்னலுக்கு வெளியே கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் குண்டும் குழியுமான ரோட்டில் டவுன் பஸ் போவதுபோல ஆடியது. பிறகு திடுமெனக் கீழே விழுந்தது. யாருடைய காப்பியோ பறந்துபோய்க் கூரையில் தெறித்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

"ஐயோ, பச்சவாழியம்மா! எம்பொண்ணு மூஞ்சிய பாக்காமலே பூடுவனா!"

தையலம்மாள் முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினாள். பக்கத்தில் இருந்த தெலுங்கு அம்மா அவள் கையைப் பிரித்தெடுத்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். இருவரும் அவரவர் பாஷையில் அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள். விமானம் மறுபடி விழுந்தது, எழுந்தது. ஒருவழியாக மேகம் விலகியபோது அந்த அம்மா தன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். இறங்கும்வரை கையை விடவில்லை.

பேரன் பிறந்தான். குளிப்பாட்டிவிட்டு, பத்தியம் சமைத்துப் போட்டு, ஒரு மாதம் கழித்துத் தையலம்மாள் திரும்பி வந்தாள். கேன்டீனில் தான் பிழைத்த கதையைச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட வேலை செய்யும் ஆரோக்கியசெல்விதான் தனியாக அழைத்துப்போய்ப் போனை நீட்டினாள்.

"அக்கா, தப்பா நெனைக்காத. உனுக்குத் தெரியணும்னுதான் காட்றன்."

முன்வரிசையிலிருந்து எவனோ திரும்பி எடுத்திருந்தான். அகலத் திறந்த வாய், பிதுங்கிய கண். மாராப்பு விலகியிருந்தது. அவள் அலறலுக்கு நடுவே ஒரு சினிமா காமெடிச் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். கீழே சிரிக்கும் பொம்மைகள் வரிசை வரிசையாக இருந்தன. தெலுங்கு அம்மாவின் கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

தையலம்மாளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. ஆகாயத்தில்கூட அப்படி நடுங்கவில்லை.

வீட்டில் கணவன் சாமிக்கண்ணு, "வுடு. நாலு நாளு சிரிப்பானுங்க, அப்புறம் மறந்துடுவானுங்க" என்றார்.

"அப்ப உனுக்கும் தெரியுமா? பாத்துட்டு சும்மாதான் இருந்தியா?"

காமெடிச் சத்தம் சேர்த்து ஊர் முழுக்க அனுப்பியது யார் என்பதையும் கடைசியில் அவர்தான் சொன்னார். திருக்கனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் புகழ்வேந்தன். அவருடைய சொந்த அண்ணன் மகன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் தையலம்மாள் நேராகக் கடைக்குப் போனாள். வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள்.

"வா சித்தி" என்று சிரித்தான் புகழ்வேந்தன். "உன்ன எவ்ளோ பேரு பாத்துக்கீறாங்க தெரியுமா?"

"யாரக் கேட்டுடா போட்ட?"

"நான் எடுக்கல சித்தி. ஏற்கனவே சுத்திக்கினு இருந்துச்சி. நான் சும்மா தமாசுக்கு..."

"எது தமாசு? உசுரு போவுதுன்னு ஒரு பொம்பள கத்தறது தமாசா? எடுத்தவனுக்கு நான் யாருன்னு தெரியாது. அவனுக்கு மூளையில்ல. உனுக்குத் தெரியும் இல்ல? மாராப்பு வெலகிக் கெடக்குது, உன் சித்திதான்னு தெரிஞ்சிதான போட்ட? உங்கம்மா அப்டி இருந்தா காமெடி சத்தம் சேத்துப் போடுவியா?"

புகழ்வேந்தன் தலை குனிந்து போனை எடுத்தான்.

"எங்கண்ணு முன்னால எடு. எந்தெந்தக் குரூப்புல போட்டியோ எல்லாத்துலயும் எடு. எடுத்துட்டு, 'தப்பு பண்ணிட்டன்'னு அதுலயே எழுது."

எழுதினான். அதற்குள் மற்றவர்கள் அனுப்பியது எங்கெங்கோ போய்விட்டிருந்தது. மகள் புகார் கொடுத்ததில் சில இடங்களில் நீக்கினார்கள். சில இடங்களில் அது இன்னும் இருக்கிறது. முதலில் எடுத்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தை மாதம் புகழ்வேந்தன் மகளுக்குக் காது குத்தினார்கள். சாமிக்கண்ணு போய்வந்தார். தையலம்மாள் போகவில்லை. "ஒரு சிரிப்புக்கு இவ்ளோ வீம்பா?" என்று கேட்ட உறவுக்காரியிடம், "சிரிச்சவங்களக் கேளு, என்ன ஏன் கேக்கற" என்றாள்.

பேரனைப் பார்க்க மறுபடி கிளம்பியபோது, மகள் ரயிலில் வரச் சொன்னாள்.

"ஏன் ரயில்ல வரணும்? நான் இன்னா தப்பு பண்ணன்?"

விமானத்தில் ஏறிப் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டாள். பயம் போகவில்லை. முன் சீட்டில் ஒருவன் போனைத் தூக்கித் தன்னையே படமெடுத்துக்கொண்டிருந்தான். தையலம்மாள் அவன் தோளைத் தட்டினாள்.

"தம்பி, ஆடுச்சின்னா நான் கத்துவன். எனுக்கு பயம். நீ போன உள்ள வச்சிடு."

அவன் திருதிருவென விழித்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தான்.