சத்தத்துக்குள் பேசுகிறவர்கள்

என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், நான் வாயைத் திறந்து பேசியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. பேச்சுதான் மைக் செட்டு கணக்கா இருக்கு" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனார்களாம். எனக்கு வந்ததே கோபம். ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினை ஓட்டுகிறவளிடம் போய் எந்தக் குரலை எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை. ஒரு ஷிப்டு முழுக்க அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வெளியே வந்தால் யாருக்கும் காது மந்தமாகத்தான் இருக்கும். நம் குரல் நமக்கே கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்ப்பார்.

ஆனால் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மில்லுக்குள் நாங்கள் கத்துவதே இல்லை. கத்தினாலும் பிரயோஜனம் கிடையாது, மெஷின் விழுங்கிவிடும். புதிதாகச் சேர்கிறவள்தான் கத்திக் கத்தித் தொண்டையைக் கட்டிக்கொள்வாள். பிறகு அவளும் பழகிக்கொள்வாள். மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, குரல் கொடுக்காமல், வாயை மட்டும் நன்றாக அசைத்துச் சொல்ல வேண்டும். எதிர் வரிசையில் நிற்பவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். சாப்பிட்டியா, மாமியார் என்ன சொன்னாள், சூப்பர்வைசர் வருகிறார், எல்லாம் அப்படியேதான். அறுந்த நூலைக் கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டிருக்கும்.

இந்தக் குரலோடு என்னை மேடை ஏற வைத்தது ஒரு இங்கிலீஷ் பாட்டு ஆல்பம். அதை எனக்குக் கேட்கக் கொடுத்தவன் என் தம்பி. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவன் காலேஜ் பஸ்ஸிலிருந்தும் நான் மில் பஸ்ஸிலிருந்தும் ராஜபாளையத்தில் இறங்கி, எங்கள் ஊர் சேத்தூருக்கு ஒரே டவுன் பஸ்ஸில் போவோம். ஒரு நாள் இயர்போனில் ஒரு பக்கத்தை என் காதில் சொருகினான்.

"இதக் கேளுக்கா. நாம பொறக்கதுக்கு முந்தி வந்தது. அமெரிக்காக்காரவிய. ராப்பையும் ஹெவி மெட்டலையும் ஒண்ணாப் போட்டு அடிச்சிருக்காவ. இதக் கேட்டுட்டுத்தான் பொறவு எம்புட்டோ பேரு பேண்டு ஆரம்பிச்சான்."

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. ஆனால் முதல் அடியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கரண்டு போய்த் திரும்ப வந்ததும் எங்கள் ஷெட்டில் எல்லா மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புமே, அந்தக் கிடாரும் டிரம்ஸும் அப்படித்தான் எழும்பின. அதற்கு மேல் ஒருவன் வந்தான். அவன் பாடவில்லை, சண்டை போட்டான். எங்கள் தெருக் குழாயடியில் நடக்குமே, சொன்ன வரியையே திருப்பித் திருப்பிச் சொல்லி எதிராளி வாயை அடைக்கிற சண்டை, அதேதான். முதலில் முணுமுணுப்பான், பிறகு அதையே கொஞ்சம் உரக்கச் சொல்வான், பிறகு பஸ் கண்ணாடி அதிரும்படி சொல்வான். எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

"ஏலே, இவன் யாருகிட்டல இப்படிச் சண்ட போடுதான்?"

"மேல உக்காந்துக்கிட்டு மிதிக்கான்ல, அவன்கிட்ட எல்லாம்."

"அப்பச் சரி" என்றேன். சேத்தூர் வரும்வரை இயர்போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அந்த ஆல்பத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ கணக்கில்லை. கேட்கக் கேட்க ஒரு ஆத்திரம் வந்தது. இவ்வளவு நன்றாக நமக்குச் சண்டை போட வரும்போது, நம் பேச்சில் இப்படி ஒன்று நாம் ஏன் போடக் கூடாது? ரிங் பிரேம் பக்கம் நடந்துகொண்டே வரி வரியாகக் கட்டினேன். மெஷினே தாளம் போட்டுக் கொடுத்தது. தம்பியிடம் சொல்லிக் காட்டினேன்.

"நூலு அறுந்தா நான் ஒட்டுதேன்,
நொடியில ஓடி நான் ஒட்டுதேன்,
நாளு அறுந்தா யாரு ஒட்டுவா?
கேக்குதா? இப்பக் கேக்குதா?"

அவன் சிரிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவன் கூட்டாளியிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டான். தம்பி கிடார் வாசிப்பவன், கூட்டாளி டிரம்ஸ் அடிப்பவன், கூட்டாளி வீட்டில் பால்கோவா போடுகிறார்கள். கீழே பால் கொதிக்கும், மேலே ஒரு அறையில் நாங்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினோம். அவன் அப்பா மாடிப்படியில் நின்று, "ஏய், நீங்க அடிக்க அடியில பால் திரிஞ்சிரும் போல இருக்கே" என்று சத்தம் போடுவார். போட்டுவிட்டு, போகும்போது சூடாக ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்தும் அனுப்புவார்.

அங்கேதான் கோளாறு தெரிந்தது. தம்பி கிடாரை மெதுவாக வாசிக்கும்வரை நான் பிரமாதமாகச் சொல்வேன். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை ஏற்றினால் போச்சு, என் குரல் நின்றுவிடும். வாய் மட்டும் அசையும். எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது, நன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகவே நினைப்பேன். பாவம் தம்பி, ஒயரைப் பிடுங்கிச் சொருகினான், கூட்டாளி வேறு மைக் கொண்டுவந்தான். மூன்றாவது மைக்கும் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மைக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. இரைச்சல் ஏறியதும் என் உடம்பு மில்லுக்குள் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறது. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து அவன் அப்பாவே ஏறி வந்துவிட்டார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கையைத் தொண்டைமேல் வைத்துக்கொள்வேன். அது அதிர்ந்தால் குரல் வருகிறது, அதிராவிட்டால் வரவில்லை. அப்படியே பழகிக்கொண்டேன்.

பொங்கலுக்கு எங்கள் தெருவில் மேடை போடுவார்கள். கோலப்போட்டிப் பரிசு, சின்னப் பிள்ளைகள் டான்ஸ் எல்லாம் இருக்கும். விழாக் கமிட்டிக்குத் தலைவர் என் சொந்தப் பெரியப்பா. தம்பியும் நானும் போய், எங்களுக்கு மேடையில் பத்து நிமிஷம் கொடுக்கச் சொல்லிக் கேட்டோம். செல்போனில் அந்த ஆல்பத்தைக் கொஞ்சம் போட்டுக் காட்டினோம், எங்கள் புத்தி அப்படி. பெரியப்பா அரை நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை.

"என்னட்டி இது, வையுதானா பாடுதானா? பொம்பளப்பிள்ள மேடையில ஏறி இப்படிக் கத்துனா கூட்டம் எந்திரிச்சுப் போயிரும்."

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் நிற்குமே. "கூட்டம் எந்திரிச்சுப் போச்சுன்னா நான் இனிமே மைக்கையே தொட மாட்டேன் பெரியப்பா. அது எம் பொறுப்பு" என்றேன்.

"பொறவு பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

வெளியே வந்ததும் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "ஒன்ன யாருக்கா இம்புட்டுப் பெரிய வார்த்தைய விடச் சொன்னது?" நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், யாரை நோக? அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் போனபோதுகூட எனக்குக் கோபம்தான் வந்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை. இது போனால் தாங்க மாட்டேன் என்று தெரிந்தது.

மேடை நாள் சாயங்காலம் தெரு நிறைந்துவிட்டது. பெண்களும் பிள்ளைகளும் முன்னால் தரையில், ஆண்கள் பின்னால் நாற்காலியில். என் மில் சேக்காளிகள் மற்ற தெருக்களிலிருந்தும் பக்கத்து ஊர் தேவதானத்திலிருந்தும் திரண்டு வந்து முதல் வரிசையைப் பிடித்திருந்தார்கள். அவர்களுக்கு நான் பாடப்போகிறேன் என்பது மட்டும்தான் தெரியும், ஒரு வரிகூடச் சொல்லிக் காட்டியதில்லை. நடுவில், மில்லில் எனக்கு எதிர் வரிசையில் நிற்கும் மதினி. சொந்த மதினி இல்லை, பழக்கத்தில் அப்படிக் கூப்பிடுவேன். பெரியப்பா மைக் செட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டம் கலைந்தால் உடனே நிறுத்தச் சொல்லத்தான் அங்கே உட்கார்ந்தார் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

இடது கையைத் தொண்டையில் வைத்து ஆரம்பித்தேன். முதல் நாலு வரி கணீரென்று போயிற்று. மைக் செட்டுக்காரருக்கு உற்சாகம் வந்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். மேடைப் பலகை கிடுகிடுவென்று ஆடியது. எனக்கும் ஆவேசம் வந்துவிட்டது. தொண்டையிலிருந்த கையை எடுத்து மேலே வீசினேன். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் பாட்டுக்கு வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். பிறகுதான் பார்க்கிறேன், மைக் செட்டுக்காரர் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார். பின்னால் நாற்காலிகளிலிருந்து ஆட்கள் எழுந்து வேட்டியை உதறுகிறார்கள். இரண்டு பேர் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். பெரியப்பா நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டார். குரல் நின்றுவிட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய் மட்டும் பழக்கத்தில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போது முதல் வரிசையைப் பார்த்தேன். ஊரே மைக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும் பார்ப்பதுபோல, சாவகாசமாக. மதினியின் உதடு என் உதட்டோடு கூடவே அசைந்தது. என் உதட்டில் வந்த அடுத்த வரியை அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"நாளு அறுந்தா யாரு ஒட்டுவா?"

பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரைச்சலுக்கு வெளியே இருக்கும்போது எங்கள் குரல் எப்படி இருக்கும் என்றுதான் முதலிலேயே சொன்னேனே. மைக்கே இல்லாமல் அந்த வரி கிடாரைத் தாண்டிப் போய்ப் பின்வரிசையில் விழுந்தது. எழுந்து நடந்தவர்கள் நின்று திரும்பினார்கள்.

கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. "கேக்குதா?" என்றேன். குரல் வந்தது. தெருவே திரும்பக் கத்தியது, "கேக்குது."

அதன் பிறகு நான் வேண்டுமென்றேதான் செய்தேன். ஒரு வரியைச் சத்தமில்லாமல் வாயால் மட்டும் சொல்வேன், முதல் வரிசை அதைப் பிடித்து எடுத்துக் கொடுக்கும், அடுத்ததை நான் தொண்டை கிழியச் சொல்வேன். தம்பி புரிந்துகொண்டு கிடாரை இன்னும் ஏற்றினான். எங்களுக்கு எந்த இரைச்சலும் தடையில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலிக்காரர்கள் முன்னால் வந்து பெண்களுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிஷம் முடிந்தும் யாரும் இறங்க விடவில்லை. அதே பாட்டைத் திரும்பப் பாடினோம், எங்களிடம் இருந்ததே ஒன்றுதானே. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மைக் செட்டு மாதிரிப் பேசுகிறேனாம். ஆமாம், பேசுகிறேன்.

கீழே இறங்கியதும் பெரியப்பா வந்தார். மற்றவர்கள் முன்னால் என்னைப் பாராட்ட அவருக்குக் கூச்சம், துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அடுத்த வருசமும் வச்சுக்கிருவோம். ஆனா அந்த மைக்க மாத்தணும்ட்டி, நடுவுல நடுவுல நின்னு போகுது."

"சரி பெரியப்பா, மாத்திருவோம்" என்றேன். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

பொங்கல் லீவு முடிந்து ஷிப்டுக்குப் போனேன். மெஷின்கள் எல்லாம் எழும்பி ஷெட்டு முழுக்க இரைச்சல் பரவியது. நான் குனிந்து நூல் ஒட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், எதிரே மதினி மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு என் முதல் வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் நிற்பவள் இரண்டாவது வரியை எடுத்தாள். மேடைக்கு வராதவள்கூட உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். பாட்டு வரிசை வரிசையாகக் கடைசி மெஷின்வரை போனது. சூப்பர்வைசர் நடுவில் நடந்து வந்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கடைசி மெஷினிலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்து வாயை அசைத்தாள். "கேக்குதா?"

நானும் சத்தமில்லாமல் சொன்னேன், "கேக்குது."