வாகன நிறுத்தத்தில் ஒரு கருந்துளை

சன்னிவேலில் குடியிருந்த அந்த வருடங்களில் நான் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி கருந்துளைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து ஊரான குபெர்டினோவில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் அவள் வேலையைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். முழுக்கத் தமிழில் பேச வேண்டும், அதுதான் நிபந்தனை. உற்சாகமாக ஒப்புக்கொண்டவள், வகுப்புக்கு முந்தைய நாள் என்னைச் சோபாவில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள்.

“வேற கேலக்ஸில ஒரு கருந்துளை. பக்கத்து நட்சத்திரத்தோட வாயுவை இழுத்து முழுங்குது. உள்ள போறதுக்கு முன்னாடியே அந்த வாயு பயங்கரமா சூடாகி எக்ஸ் கதிரா கொட்டுது.”

“சரி.”

“நம்பவே முடியாத பிரகாசம். ஆனா எல்லாப் பக்கமும் அப்படியா, இல்ல டார்ச் மாதிரி நம்ம பக்கம் மட்டும் அடிக்குதா? அதுலதான் எல்லாருக்கும் சண்டை.”

“எப்படிக் கண்டுபிடிப்பே?”

“சுத்தி இருக்கிற நெபுலாவைப் பார்க்கணும். அந்த வாயு மேகம் எக்ஸ் கதிரை வாங்கிட்டு அதுவே ஒளிரும். எல்லாப் பக்கமும் ஒளிர்ந்தா டார்ச் இல்ல, பல்பு!”

எனக்குப் புரிந்தது. சின்னக் குழந்தைகளுக்குப் புரியுமா? மகளின் சளிக்காக வாங்கிய, அறைக் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் மூலையில் பனிப்புகை விட்டுக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

மறுநாள் வகுப்பறையின் திரைகளை இழுத்துவிட்டு ஹ்யூமிடிஃபையரை ஓடவிட்டோம். பனி நிறைந்ததும் நான் டார்ச்சை அடித்தேன். ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பிறகு பல்பைப் போட்டேன். அதைச் சுற்றியிருந்த பனி முழுதும் பூத்தது.

“ஓ! யூ லுக் அட் த ஃபாக்!” என்று கத்தினாள் முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி.

“தமிழ்ல சொல்லுடா கண்ணா,” என்றார் ஆசிரியை.

“லைட்டை இல்ல... மேகத்தைப் பாக்கணும்!”

என் மனைவி பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்த அதே நொடியில் தீ எச்சரிக்கை மணி அலறியது.

குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். வரிசையாக வாகன நிறுத்தத்துக்கு ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே போன ஆஜானுபாகுவான வீரர், ஹ்யூமிடிஃபையரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, “இது யாருடையது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மனைவி பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினாள்.

அவள் வாய் திறப்பதற்குள் குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, கருந்துளை, டார்ச், பல்பு, பனி என்று முழுக் கதையையும் ஆங்கிலத்தில் கொட்டினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, “கடைசியில் எதுவாம்?” என்று என் மனைவியைக் கேட்டார்.

“நாங்க பார்த்த நெபுலா எல்லாப் பக்கமும் ஒளிருதுங்க. அப்போ பல்புதான்!” என்றாள் அவள், வகுப்பின் நிபந்தனையை மறக்காமல். கூட்டமே சிரித்தது. இரட்டைப் பின்னல்காரிதான் அவருக்கு மொழிபெயர்த்தாள்.

அடுத்த முறை ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு வீரர் கிளம்பினார். அதற்குள் குழந்தையை அழைத்துப்போக வந்த ஓர் அம்மா அவர் கையில் மெதுவடையைத் திணித்துவிட்டார். “இதில் காரம் இருக்கிறதா?” என்று அவர் குழந்தைகளிடம் சந்தேகமாகக் கேட்க, அத்தனை பேரும் கூசாமல் இல்லை என்று தலையாட்டினார்கள்.